பனி மூடிய நிலத்தில் நீர் தேடியவர்

வடநாட்டு நகரங்களில் குடியேறி வாழும் நம்மவர்களில் பெரும்பாலோர் அருந்துவது இமயத்தில் பிறந்த ஆறுகளின் நீரே. தில்லியிலிருப்போர்க்கு யமுனையும் கங்கையும், கான்பூர், அலகாபாத், கல்கத்தா நகரங்களில் இருப்போர்க்குக் கங்கையும் அன்னையர். இவை பனி உருகுவதால் பெருகும் ஆறுகள் என்று பள்ளியில் படித்தோம். நம் பிள்ளைகளும் அவ்வாறே படிக்கிறார்கள். ஆனால் மார்கழி, தை மாதங்களில் மலையுச்சியில் பனி உருகுவது கிடையாது. மழையும் சொற்பம். அப்பொழுதும் மலைச் சிற்றாறுகள் முற்றிலும் நின்றுவிடுவதில்லை. உறைந்த பனியின் அடியில் தெளிந்த நீர் மெல்ல ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்த நீர் எங்கிருந்து வருகிறது?

இந்தக் கேள்வி எளிதாகத் தோன்றினாலும் இதற்கு விடை காண்பது எளிதன்று. குளிர் மிகுந்த நாடுகளில் ஆண்டின் பாதி நாள் மண்ணே கல்லாய் உறைந்து கிடக்கிறது. கிணறு தோண்டுவதும், கருவி பதிப்பதும், நாள்தோறும் சென்று அளப்பதும் பெரும்பாடு. ஆகையால், குளிர்ப் பிரதேசங்களின் நீரியல் பிற துறைகளைவிடப் பிந்தியே வளர்ந்தது. அதனை வளர்த்தவர்களுள் ஒருவர் மசாகி ஹயாஷி என்னும் பேராசிரியர். ஜப்பானில் பயின்று, பின்னர் கனடாவுக்குச் சென்று, வாட்டர்லூ பல்கலைக் கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர் இவர். கால்கரி பல்கலைக் கழகத்தின் புவியியல் விஞ்ஞானத் துறையில் பேராசிரியரானார். இவருடைய ஆராய்ச்சியின் போக்கை ஒருவாறு அறிந்துகொண்டால் நம் குழாயில் வரும் தண்ணீரைப் பற்றியும் சில செய்திகள் விளங்கும்.

குளங்களின் கணக்கு

கனடாவின் நடுப்பகுதியில் பிரெய்ரி என்னும் பரந்த சமவெளி இருக்கிறது. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் அதன்மேல் பெரும் பனிப்பாளம் படர்ந்திருந்தது. பனி உருகி மறைந்தபோது களிமண் கலந்த மேடுபள்ளமான நிலம் எஞ்சியது. பள்ளங்களில் எல்லாம் நீர் தேங்கி இலட்சக்கணக்கான சிறு குளங்கள் தோன்றின. வட அமெரிக்காவின் காட்டு வாத்துகளில் மிகப் பல இங்கேதான் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றன. சுற்றிலும் கோதுமை வயல்கள். மழை குறைவு, நீர் ஆவியாகும் அளவோ பெய்யும் மழையைவிட அதிகம். பின், குளங்கள் எப்படி நிரம்புகின்றன?

சஸ்காட்டூன் நகருக்குக் கிழக்கே செயின்ட் டெனிஸ் என்னும் இடத்தில், 1968ஆம் ஆண்டு முதல் இத்தகைய குளங்களின் நீர்மட்டம் அளக்கப்பட்டு வருகிறது. ஹயாஷி தம் டாக்டர் பட்டத்துக்கு அங்குள்ள ஒரு சிறு குளத்தை எடுத்துக்கொண்டார். கார்த் வான் டெர் காம்ப், டேவிட் ருடால்ஃப் ஆகிய இருவருடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரைகள் 1998இல் வெளியாயின. வீட்டு வரவு செலவு எழுதுவது போலவே அவர்கள் அக்குளத்தின் வரவு செலவை எழுதினார்கள். வரவில் பெரும்பகுதி குளிர்காலத்தில் காற்று அடித்துச் சேர்த்த பனியும், வசந்த காலத்தில் வயலின் உறைமண் மீது வழிந்தோடி வந்த பனிநீரும் ஆகும். செலவில்தான் வியப்பு இருந்தது. குளத்தின் அடியில் இறங்கிய நீரில் பெரும்பகுதி ஆழத்துக்குச் செல்லவில்லை. அது பக்கவாட்டில் கரையை நோக்கி நகர்ந்து, அங்கு வளையமாக நிற்கும் வில்லோ மரங்களாலும் புல்லாலும் உறிஞ்சப்பட்டு ஆகாயத்துக்கே திரும்பிவிட்டது. நிலத்தின் ஆழத்தில் உள்ள நீர்த்தேக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தது, நிலப்பரப்பு முழுவதுக்கும் பரப்பிப் பார்த்தால், ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்களே.

இதை எப்படி அறிந்தார்கள்? மழையிலும் பனியிலும் மிகச் சிறிதளவு உப்பு கலந்திருக்கிறது. நீரைச் செடிகள் குடிக்கும். உப்பின் பெரும்பகுதியை விட்டுவிடும். ஆகவே, மண்ணில் உப்பு எங்கே குறைந்திருக்கிறது, எங்கே சேர்ந்திருக்கிறது என்று பார்த்தால் பல நூறு ஆண்டுகளாக நீர் சென்ற வழி தெரிந்துவிடும். குளத்தின் நடுவில் உப்பு கழுவப்பட்டிருந்தது. சுற்றியுள்ள மேட்டில் சேர்ந்து கிடந்தது. நீர் சென்ற வழிக்கு மண்ணே சாட்சி சொல்லிற்று.

இதனால் உழவர்களுக்கு என்ன பயன் என்று கேட்கலாம். சமவெளியில் கிணறுகளையே நம்பி வாழும் பண்ணைகள் பல. அக்கிணறுகளுக்கு நீர் ஊட்டுவது பரந்த வயல் அன்று. வசந்த காலத்தில் சில வாரங்கள் மட்டும் நீர் தேங்கி நின்று மறையும் சிறு பள்ளங்களே என்பது இவ்வாராய்ச்சியால் தெளிவாயிற்று. உபயோகமற்றது என்று ஒரு பள்ளத்தைத் தூர்த்து உழுபவர், தம் கிணற்றின் வாயையே ஓரளவு அடைக்கிறார் என்பதே இதன் பொருள்.

புல் விதைத்தார்கள், குளம் வற்றியது

அதே செயின்ட் டெனிஸில் நிகழ்ந்த மற்றொரு சம்பவம் நம் சிந்தனைக்கு உரியது. ஏறத்தாழ 4 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அவ்விடத்தில் 1980ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு நிலத்தில் உழவை நிறுத்திவிட்டு நிரந்தரமாகப் புல் வளர்த்தார்கள். பறவைகளுக்கு நல்ல உறைவிடம் அமையும் என்பது நோக்கம். சில ஆண்டுகள் சென்றன. புல் நிலத்தில் இருந்த குளங்கள் யாவும் வற்றிப்போயின. பக்கத்து உழவு நிலத்துக் குளங்களோ முன்போலவே நீர் நிறைந்திருந்தன. வானிலை இரண்டிடத்துக்கும் ஒன்றே. அப்படியானால் காரணம் யாது?

வான் டெர் காம்ப்பும் ஹயாஷியும் பிறரும் செய்த ஆய்வுகள் இதை விளக்கின. அறுவடையான வயலில் காற்று பனியை வாரிக்கொண்டு போய்ப் பள்ளங்களில் குவிக்கும். உயர்ந்த புல்லோ பனியை அங்கங்கேயே பிடித்து நிறுத்திவிடும். மேலும், உழுத நிலம் உறையும்போது பனிநீர் அதன்மேல் வழிந்தோடிக் குளத்தை அடையும். புல் நிலத்திலோ வேர்களும் பூச்சிகளும் உண்டாக்கிய துளைகள் பல. உறைந்த காலத்திலும் அத்துளைகள் வழியே பனிநீர் மண்ணுக்குள் இறங்கிவிடும். கோடையில் புல்லே அதைக் குடித்துவிடும். குளத்துக்கு வரவேண்டிய வரவு இவ்வாறு வழியிலேயே செலவாகிவிட்டது.

புல் வளர்ப்பது தீது என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. அதனால் மண் அரிப்புத் தடைப்படும். வேறு நன்மைகளும் உண்டு. ஆனால் நிலத்தின் மேலே நாம் செய்யும் ஒவ்வொரு மாறுதலும் நிலத்தின் கீழே ஒரு கணக்கை மாற்றுகிறது; நல்ல எண்ணம் மட்டும் போதாது, அளந்தும் பார்க்கவேண்டும் என்பதை அந்த வற்றிய குளங்கள் காட்டுகின்றன.

உறைந்த மண் ஓர் அணையா, சல்லடையா?

உறைந்த மண்ணில் நீர் இறங்காது என்பதே பொதுவான எண்ணம். ஹயாஷி பல ஆண்டுகள் இந்தக் கேள்வியை ஆராய்ந்தார். இலையுதிர் காலத்தில் ஈரமாக இருந்த மண் உறைந்தால், அதன் துளைகளில் பனிக்கட்டி அடைத்துக்கொள்கிறது. அப்பொழுது அது அணை போன்றது. உலர்ந்திருந்த மண் உறைந்தால் துளைகள் திறந்தே இருக்கும். அது சல்லடை போன்றது. பள்ளத்தில் பனிநீர் தேங்கினால், அந்த நீரின் வெப்பமே அடியில் உள்ள உறைமண்ணைச் சிறிது சிறிதாக இளக்கி வழி செய்துகொள்ளும். ஆகவே, வசந்த காலத்தில் வெள்ளம் வருமா, கிணறு நிறையுமா என்பது அந்த வசந்தத்தின் பனியைப் பொறுத்தது மட்டும் அன்று; முந்திய இலையுதிர் காலத்து மழையையும் பொறுத்தது. இச்செய்திகளைத் தொகுத்து 2013இல் அவர் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார்.

இத்தகைய ஆய்வுக்கு வேண்டிய கருவிகளிலும் அவர் கருத்துச் செலுத்தினார். நீரில் கரைந்துள்ள உப்பு எவ்வளவு என்பதை அது மின்சாரத்தைக் கடத்தும் திறனால் அறியலாம். புதிதாக உருகிய பனிநீரில் உப்பு மிகக் குறைவு. நிலத்தினுள் நெடுநாள் தங்கிய நீரில் அதிகம். ஆனால் வெப்பநிலை மாறினால் மின்கடத்தும் திறனும் மாறும். ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 2 சதவிகிதம். இதைச் சரிசெய்யும் முறையை வகுத்து 2004இல் அவர் எழுதிய கட்டுரையைப் பல நாட்டு ஆராய்ச்சியாளர்கள் பயன்படுத்துகிறார்கள். எளிய செய்திதான், எனினும், அளவுகோல் சரியாக இல்லாமல் துணியை அளக்க இயலாதன்றோ?

கற்குவியலுக்குள் களஞ்சியம்

சமவெளியிலிருந்து மலைக்கு வருவோம். கனடாவின் மேற்கே ராக்கி மலைத்தொடர் நிற்கிறது. அங்கே யோஹோ தேசியப் பூங்காவில், கடல்மட்டத்துக்கு மேல் 2,000 மீட்டர் உயரத்தில், ஓஹாரா என்னும் ஏரி இருக்கிறது. சுற்றிலும் செங்குத்தான பாறைகள். மேலே ஒபாபின் என்னும் சிறிய பனியாறு. பாறையும் பனியும் மட்டுமே உள்ள இவ்விடத்தில் நிலத்தடி நீருக்கு இடமேது என்றுதான் பலரும் எண்ணியிருந்தார்கள்.

ஹயாஷியும் அவருடைய மாணவர்களும் இந்த ஏரிக்கும் ஒரு வரவு செலவுக் கணக்கு எழுதினார்கள். ஓடைகளின் வாயிலாக ஏரிக்குள் வருவதை அளந்தார்கள், வெளியேறுவதையும் அளந்தார்கள். இரண்டும் ஒத்துவரவில்லை. கண்ணுக்குத் தெரியும் ஓடைகள் கொண்டுவருவதைவிட மிகுதியான நீர் வெளியேறியது. குறைந்த பகுதியை நிலத்தடி நீர் நிரப்பியது என்பதும், ஏரியின் வரவில் அதன் பங்கு மிகப் பெரிது என்பதும் 2006இல் வெளியான கட்டுரையில் சொல்லப்பட்டன.

அந்த நீர் எங்கே தங்குகிறது? மலையடிவாரத்தில் உருண்டு விழுந்த பாறைத் துண்டுகளின் குவியல்களும், பனியாறு முன்பு தள்ளிக்கொண்டு வந்து ஒதுக்கிய கல்லும் மண்ணும் கலந்த மேடுகளும் அங்கு ஏராளம். ரேடார் அலைகளை நிலத்தினுள் செலுத்தியும், மின்சாரம் பாய்ச்சியும், அதிர்வுகளை அளந்தும் அவற்றின் உள்ளமைப்பை ஆராய்ந்தார்கள். வைத்தியர் நாடி பார்ப்பது போல, தோண்டாமலேயே உள்ளே இருப்பதை அறிந்தார்கள். பெரிய கற்களின் இடையே நீர் விரைந்து ஓடிவிடுகிறது. ஆனால் அடியில் உள்ள நுண்மண் படிவுகளிலும் பாறையின் குழிவுகளிலும் அது தங்கி மெல்லக் கசிகிறது. சில மேடுகளின் உள்ளே பழைய பனிக்கட்டி புதைந்து கிடப்பதும் தெரியவந்தது. கோடையில் சேர்ந்த நீர் குளிர்காலம் முழுதும் சிறிது சிறிதாக வெளிவருவதால்தான் ஆறு நின்றுபோவதில்லை. களஞ்சியத்தில் நெல்லைக் கொட்டி ஆண்டு முழுதும் அளந்து எடுக்கும் குடும்பத்தலைவியின் சிக்கனம் மலைக்கும் இருக்கிறது.

பான்ஃப் தேசியப் பூங்காவில் ஹெலன் ஓடை என்னும் சிற்றோடையின் தலைப்பகுதியில் கற்களும் பனியும் கலந்து ஒரு காலத்தில் நகர்ந்து, இப்பொழுது அசைவற்றுக் கிடக்கும் ஒரு பெரும் கற்குவியல் உண்டு. அதன் அடியிலிருந்து ஓர் ஊற்றுப் புறப்படுகிறது. அதற்கு நீர் தரும் பரப்பு ஓடையின் வடிநிலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இருப்பினும், கோடை இறுதியில் ஓடையின் நீரில் 50 சதவிகிதம் வரையும், குளிர்காலத்தில் ஏறக்குறைய முழுவதும் அந்த ஊற்றே தருகிறது என்று 2018இல் வெளியான ஆய்வு கூறிற்று. நீர் மிகக் குளிர்ந்து வருவதால், வெப்பம் தாங்காத மீன்களுக்கும் அது புகலிடம் ஆகிறது.

நிலத்தடி நீரியலுக்கு அடிப்படை விதியைத் தந்தவர் ஹென்றி டார்சி என்னும் பிரெஞ்சுப் பொறியியலார். டிஜோன் நகரின் குடிநீரைப் பற்றி அவர் எழுதிய நூல் 1856இல் வெளியாயிற்று. அவர் பெயரால் அமெரிக்காவில் ஆண்டுதோறும் ஓர் அறிஞரைத் தேர்ந்து பல இடங்களிலும் சொற்பொழிவாற்றச் செய்கிறார்கள். 2018இல் அப்பொறுப்பு ஹயாஷிக்குக் கிடைத்தது. மலைத் தலைப்பகுதிகளில் நிலத்தடி நீரின் பங்கு என்பதே அவர் எடுத்துக்கொண்ட பொருள்களுள் ஒன்று. அதுவே 2020இல் கட்டுரையாகவும் வந்தது.

தரையே கரையும் இடம்

இன்னும் வடக்கே சென்றால், மேல்மண் மட்டும் கோடையில் இளகி, அடிமண் ஆண்டு முழுதும் உறைந்தே கிடக்கும் நாடு வருகிறது. ஃபோர்ட் சிம்ப்சன் என்னும் ஊருக்குத் தெற்கே ஸ்காட்டி ஓடையின் வடிநிலம் உள்ளது. அங்கே வில்லியம் குவிண்டன் என்னும் அறிஞருடன் சேர்ந்து ஹயாஷி ஆராய்ந்தார். உறைந்த அடிமண்ணால் தாங்கப்பட்ட மேடைகள் சதுப்பு நிலத்துக்கு மேலே ஒன்றிரண்டு மீட்டர் உயர்ந்து, மரங்களோடு நிற்கின்றன. அடிமண் இளகினால் மேடை தாழ்ந்து சதுப்பில் அமிழ்கிறது. மரங்கள் நீரில் நின்று மடிகின்றன. 1947ஆம் ஆண்டு முதல் எடுக்கப்பட்ட விமானப் படங்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஆராய்ந்த பகுதியில் 2008க்குள் உறைமண் பரப்பு ஏறத்தாழ 38 சதவிகிதம் குறைந்திருந்தது. அணைபோல் நின்ற மேடைகள் மறைவதால் நீர் செல்லும் வழிகளும் மாறுகின்றன. அங்குள்ள பழங்குடி மக்களுக்கு இது வேட்டை, நடைபாதை, குடிநீர் ஆகிய யாவற்றையும் தொட்ட செய்தி. 2022இல் அந்த ஆராய்ச்சி நிலையத்தின் தலைமை பழங்குடி மக்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் காட்டுத்தீ வந்து நிலையத்தின் பெரும்பகுதியை அழித்தது. குளிர்நாட்டில், அக்டோபரில், காட்டுத்தீ! காலநிலை மாறுகிறது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

வீட்டுக் கிணற்றை அளந்தவர்கள்

நம் சங்கத்தார்க்கு மிகவும் பிடிக்கக்கூடிய செய்தி ஒன்றைச் சொல்லவேண்டும். கால்கரி நகரை அடுத்த ராக்கி வியூ வட்டாரத்தில் வீடுகள் பெருகின; கிணறுகளும் பெருகின. நீர்மட்டம் தாழ்கிறதா என்பதை அறியப் போதிய கண்காணிப்புக் கிணறுகள் இல்லை. ஹயாஷியின் குழுவினர் அங்குள்ள குடும்பங்களையே துணைக்கு அழைத்தார்கள். தன்னார்வமுள்ள வீட்டார் தங்கள் சொந்தக் கிணற்றின் நீர்மட்டத்தைக் குறித்த நாள்களில் தாங்களே அளந்து எழுதி அனுப்பினார்கள். அந்த அளவுகள் விஞ்ஞானத்துக்குப் பயன்படும் அளவுக்குத் தரமானவை என்று 2016இல் வெளியான கட்டுரை காட்டிற்று. பட்டம் பெற்றவர்களால் மட்டுமே ஆராய்ச்சி செய்ய முடியும் என்பது இல்லை; பொறுமையும் ஒழுங்கும் உள்ள எந்தக் குடும்பமும் அதில் பங்கு பெறலாம்.

இமயத்துக்கு இதில் என்ன பாடம்?

கனடாவின் கணக்கை அப்படியே இமயத்துக்குப் பொருத்த முடியாது. இங்கே பருவமழை உண்டு, மலைகளும் வேறு. ஆனால் கேள்வி ஒன்றே. நேபாளத்தின் மூன்று பெரும் ஆற்று வடிநிலங்களை ஆராய்ந்து 2012இல் வெளியான ஆய்வு ஒன்று, வெடித்த பாறைகளினூடே தங்கிச் செல்லும் நிலத்தடி நீரின் ஆண்டு அளவு, பனியும் பனியாறும் உருகித் தரும் நீரைப்போல் ஏறத்தாழ ஆறு மடங்கு என்று மதிப்பிட்டது. மேற்கு இமயத்தில் பனியின் பங்கு இதைவிட அதிகம். இமாசலப் பிரதேசத்தின் சோட்டா ஷிக்ரி பனியாற்றைத் தில்லி ஜவாகர்லால் நேரு பல்கலைக் கழகத்தார் 2002 முதல் ஆண்டுதோறும் அளந்து வருகிறார்கள். அது மெலிந்துவருவதை அவர்கள் அளவுகள் காட்டுகின்றன.

பனியாறுகள் சுருங்கினால் நிலத்தடி நீர் நம்மைக் காப்பாற்றிவிடும் என்று நிம்மதி கொள்ளலாமா? கொள்ளக்கூடாது. களஞ்சியம் இருந்தால் மட்டும் போதுமா? அதில் நெல் வந்து சேரவேண்டும். மலையின் நிலத்தடிக் களஞ்சியத்தை நிரப்புவது பனியும் மழையுமே. பனி முன்கூட்டியே உருகிவிட்டாலும், மழை நின்று நிதானமாகப் பெய்யாமல் ஒரே நாளில் கொட்டித் தீர்த்தாலும், நீர் உள்ளே இறங்காமல் வழிந்தோடிவிடும். இமய மலைக் கிராமங்களின் ஊற்றுகளில் ஏறக்குறைய பாதி வற்றியோ, பருவகாலத்தில் மட்டும் ஊறுவனவாகவோ ஆகிவிட்டன என்று நிதி ஆயோக் 2018இல் வெளியிட்ட அறிக்கை கூறியது. காலையில் குடத்தோடு இரண்டு மலை ஏறி இறங்கும் பெண்களுக்கு இது புள்ளிவிவரம் அன்று, அன்றாட வாழ்க்கை.

செய்யத்தக்கதும் உண்டு. சிக்கிம் மாநிலத்தில் 2008இல் தாரா விகாஸ் என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. ஊற்றுக்கு நீர் தரும் சரிவு எது என்று நிலவியல் துணையால் கண்டறிந்து, அங்கே குழிகளும் வரப்புகளும் அமைத்து மழைநீரை மண்ணுக்குள் இறக்கினார்கள். வற்றிய ஊற்றுகள் சில மீண்டும் ஊறின. ஊற்றின் வாயில் தொட்டி கட்டுவதைவிட அதன் தாய்வீட்டைக் காப்பதே மேல் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். பிரெய்ரிக் குளத்திலும் ஓஹாரா ஏரியிலும் கண்ட பாடமும் அதுவே.

ரூர்க்கியில் தேசிய நீரியல் நிறுவனம் 1978 முதல் இயங்கி வருகிறது. டேராடூனில் இமய மலையின் நிலவியலை ஆராயும் வாடியா நிறுவனம் உள்ளது. வடநாட்டிலேயே பிறந்து வளரும் நம் பிள்ளைகளுக்கு இவை தொலைவில் இல்லை. பொறியியலும் வைத்தியமும் மட்டுமே படிப்பு என்று எண்ணும் பெற்றோர்கள் இத்துறையையும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லலாம். அவ்வளவு தூரம் போக இயலாதவர்கள், குடியிருக்கும் வளாகத்தின் கிணற்று நீர்மட்டத்தை மாதம் ஒரு முறை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைக்கலாம். ராக்கி வியூ வட்டாரத்துக் குடும்பங்கள் தொடங்கியதும் அப்படித்தான்.